நோயாளியின் உரிமை

நோயுற்ற அடியானைக் காணச் செல்லாதவனிடம், தன்னையே காண வராததுபோல் மறுமையில் அல்லாஹ் வினவுவான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். படுக்கையருகே அமர்ந்து ஆறுதல் கூறுவதோடு இக்கடமை முடிந்துவிடுமா? மருந்து இருந்தும் அது ஏழைக்கு எட்டாமற்போனால் யார் பொறுப்பு?

எய்ட்ஸ் நோயை அடக்கி வைக்கும் கூட்டு மருந்துகள் 1996-ஆம் ஆண்டளவில் வந்துவிட்டன. ஆனால், ஒருவருக்கு ஓராண்டுச் செலவு 10,000 டாலருக்கும் அதிகம். ஆப்பிரிக்க மக்கள் இலட்சக்கணக்கில் மடிந்தனர். மருந்தை மலிவாகப் பெறத் தென்னாப்பிரிக்கா 1997-இல் சட்டம் இயற்றியது. காப்புரிமையைக் காட்டி மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன.

'பாவத்தின் கூலி' என்று முகம் சுளிப்போர் நம்மிலும் உண்டு. தாயிடமிருந்து இந்நோயைப் பெற்ற பச்சிளங் குழந்தை செய்த பாவம் என்ன? கணக்குக் கேட்பது அல்லாஹ்வின் உரிமை; மருந்து கொடுப்பதே நம் கடமை.

2001 பிப்ரவரியில் சிப்லா நிறுவனத் தலைவர் யூசுஃப் ஹமீது, அந்தக் கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தார். இது வெறும் ஈகையன்று, அறிவின் பயன். இந்தியாவின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், மருந்துக்கு அன்றி அதைத் தயாரிக்கும் முறைக்கே உரிமை வழங்கியது. ஆகவே வேறு முறையை ஆய்ந்து கண்டவர் அதே மருந்தைத் தயாரிக்க இயன்றது. அவ்வாண்டு ஏப்ரலில், நோயாளிகளின் இடையறாத போராட்டத்துக்கிடையே, நிறுவனங்கள் தென்னாப்பிரிக்க வழக்கைத் திரும்பப் பெற்றன. நவம்பரில் தோஹாவில் கூடிய உலக வணிக அமைப்பின் மாநாடு, காப்புரிமை விதிகள் மக்கள் நலத்தைக் காக்கத் தடையாகலாகாது என்று அறிவித்தது. ஆய்வும் திட்டமும் சேர்ந்து வென்ற நீதி இது!

ஆராய்ந்தவனுக்குக் கூலி வேண்டாமா? வேண்டும். உழைப்பவனின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது. ஆயினும் பதுக்கி விலையேற்றுவோன் பாவி என்பதும் நபிமொழியே. இத்தடையை உணவுப் பொருளோடு நிறுத்திய இமாம்கள் உண்டு. தடுத்து வைப்பதால் மக்களுக்குத் தீங்கு தரும் எப்பொருளுக்கும் அது பொருந்தும் என்றார் இமாம் அபூயூசுஃப் (ரஹ்). உயிர் காக்கும் மருந்தைவிட அதற்குப் பொருத்தமான பொருள் வேறென்ன?

2005-இல் இந்தியா மருந்துக்கே காப்புரிமை வழங்கத் தொடங்கிற்று. பழைய மருந்தில் சிறு மாற்றம் செய்து மீண்டும் ஏகபோகம் கோருவதைத் தடுக்கும் விதியும் அதில் சேர்ந்தது. அவ்விதியை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளியது. உச்ச நீதிமன்றம் 2013-இல் அவ்விதியின்படியே ஒரு புற்றுநோய் மருந்துக்குக் காப்புரிமை மறுத்தது.

மருத்துவக் கல்வியை ஃபர்ளு கிஃபாயா என வகுத்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்), அதைக் கைவிட்டு ஃபிக்ஹு விவாதங்களிலேயே மொய்த்த தம் காலத்தவரைக் கடிந்தார்கள். அக்கடிதல் நமக்கும் உரியதே. ஜக்காத்தும் ஸதக்காவும் இன்றைய நோயாளிக்கு மருந்து வாங்கித் தரும். நாளைய நோயாளிக்கும் மருந்து எட்ட வேண்டுமெனில், மருந்தியலும் சட்டமும் கற்ற மக்கள் நம் வீடுகளிலிருந்து புறப்பட வேண்டும். பெற்றோர்களே, உங்கள் மகனும் மகளும் அவ்வரிசையில் நிற்க நிய்யத்து வையுங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் அளிப்பானாக! ஆமீன்.