தாத்தாவின் பெயரில்லாத கப்பல்

சென்ற இதழில் வடாம் போடும் பக்குவம் எழுதியிருந்தேன். நிறையச் சகோதரிகள் கடிதம் போட்டிருந்தீர்கள், ரொம்ப சந்தோஷம். இந்தத் தடவையும் அடுப்பங்கரைச் சமாசாரம்தான். ஆனால் அது பர்மா வரைக்கும் போய்விட்டு வருகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் அம்மாவைப் பெற்ற அருப்புக்கோட்டைத் தாத்தா, இரண்டாம் உலக யுத்தத்தில் கப்பல் படையில் இருந்தவர். 1991-ல் காலமானார். அப்போது எனக்குப் பத்து வயது. யுத்தத்தைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. யாராவது, "என்ன கப்பல்ல இருந்தீக?" என்று விசாரித்தால், "எம்.எல்." என்று சொல்லி, கூடவே ஒரு நம்பரும் சொல்வாராம், அவ்வளவுதான். பெயர் இல்லாத கப்பல் உண்டா? ஊரில் சிரித்தார்கள். "ஏதோ தோணியில துடுப்புப் போட்டிருப்பாரு" என்று அவருடைய கூடப்பிறந்த தம்பியே கேலி பண்ணுவாராம்.

ஊர் சிரித்தது போகட்டும். வீட்டுக்குள் இருந்த மனத்தாங்கல் வேறு. தாத்தாவுக்கு அடுப்பு என்றால் ஒரு கிலி. "அடுப்ப அணைச்சியா?" என்று பாட்டியை ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்பார். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு எழுந்து சமையலறைக்குப் போய், குனிந்து, தரையோடு தரையாக முகத்தை வைத்து மோந்து பார்ப்பார். நானே பார்த்திருக்கிறேன். பேரப் பிள்ளைகள் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். பிறகு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வருவார், மார்கழிப் பனியானாலும் சரி. பாட்டி பாவம், "அடுப்பணைக்கத் தெரியாதவளா நான்? என்னை அவரு நம்பவே இல்ல" என்று கடைசி வரை புலம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.

அம்மாவின் கதை இன்னும் மோசம். அவளுக்கு ஒன்பது வயது இருக்கும். தாத்தா பம்ப் ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறார். இவள் பக்கத்தில் உட்கார்ந்து விளையாட்டாக ஒரு தீக்குச்சியைக் கிழித்துவிட்டாள். விட்டார் பாருங்கள் ஒரு அறை, கம்மல் குத்தி ரத்தமே வந்துவிட்டதாம். வீடு நிறைய விருந்தாளிகள். ஒரு வார்த்தை சமாதானம் சொல்லாமல் தாத்தா வாசலுக்குப் போய்விட்டார். இப்போது எழுபத்திரண்டு வயதாகிறது அம்மாவுக்கு. இன்றைக்கும் அதைச் சொன்னால் குரல் மாறிவிடும். "பொட்டப் பிள்ளைங்கிறதாலதான அடிச்சாரு? தம்பி செஞ்சிருந்தா அடிச்சிருப்பாரா?" என்பாள். கல்யாணமாகி வந்த பிறகும் அப்பாவோடு அவள் மனம்விட்டுப் பேசினது கிடையாது.

போன வருஷம் அந்த வீட்டை விற்க வேண்டி வந்தது. பரணை ஒழித்தபோது ஒரு டிரங்குப் பெட்டி. அந்துருண்டை வாசனையும் பழைய வேட்டிகளும்தான் இருக்கும் என்று திறந்தால், அடியில் ஆறு முனை உள்ள ஒரு பித்தளை நிற நட்சத்திரம். 'பர்மா ஸ்டார்' என்று இங்கிலீஷில் பொறித்திருந்தது. அதன் ரிப்பனில் நடுவே சிவப்பு, இரண்டு பக்கமும் நீலம், நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடு. அத்தனை வருஷத்துக்குப் பிறகும் சாயம் போகவில்லை! கூடவே, நான்காக மடித்து நைந்துபோன ஒரு காகிதம். தாத்தா படையிலிருந்து விடுபட்டபோது கொடுத்தது. அதில் 'ஸ்டோக்கர்' என்று உத்தியோகம் போட்டு, 'எம்.எல்.' என்று எழுதி ஒரு நம்பர். தாத்தா சொன்ன அதே நம்பர் என்று மாமா அடித்துச் சொன்னார்.

காகிதத்தைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷ்தான். காலேஜில் படிக்கும் என் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவன் செல்போனில் தேடித் தேடிப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். எம்.எல். என்றால் மோட்டார் லாஞ்ச். அந்தச் சின்னப் போர்ப் படகுகளுக்குப் பெயர் வைப்பதில்லை, நம்பர் மட்டும்தான். ஆக, தாத்தா சொன்னது சத்தியமான வார்த்தை.

அந்தப் படகைப் பற்றிக் கேளுங்கள். 112 அடி நீளம், சுமார் 18 அடி அகலம். இரும்பு இல்லை, மரம்! ஒட்டுப்பலகைச் சட்டங்களின்மேல் மகோகனிப் பலகை அடித்தது. பாகங்களைத் தனித்தனியாகச் செய்து அனுப்பி, கடலோரப் பட்டறைகளில் பூட்டுவார்களாம், இப்போது கட்டில் பீரோ வந்து இறங்குகிறதே, அந்த மாதிரி. இப்படி அறுநூறுக்கும் மேல் செய்திருக்கிறார்கள். ஒரு படகில் பதினாறு பேர் போல இருப்பார்கள். உள்ளே 600 குதிரைசக்தி எஞ்சின் இரண்டு. அதற்கு டீசல் அல்ல, பெட்ரோல். சுமார் 2,300 காலன், அதாவது பத்தாயிரம் லிட்டருக்கும் மேல், அந்த மரப் படகின் வயிற்றுக்குள்!

ஸ்டோக்கர் என்பது முன்காலத்தில் கப்பலில் கரி அள்ளிப் போடுகிறவருக்கு வைத்த பெயர். கரி போய் எண்ணெய் வந்த பிறகும் எஞ்சின் அறை ஆளுக்கு அந்தப் பெயரே நின்றுவிட்டது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, அடியில் போய்த் தேங்கும். ஒரு பொறி போதும். பையன் இதை வாசித்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. தரையோடு முகம் வைத்து மோந்து பார்த்தாரே தாத்தா!

ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் வீட்டு சமையல் கேஸும் காற்றைவிடக் கனம்தான், அதுவும் தரையில்தான் தேங்கும். நாற்றம் வந்தால் ஸ்விட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

சரி, பர்மாவுக்கு வருவோம். 1939-ல் இந்தியக் கப்பல் படையில் மாலுமிகள் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. 1945-க்குள் இருபத்தையாயிரத்தைத் தாண்டிவிட்டது. கடலையே பார்க்காத எங்கள் ஊர்ப் பையன்களுக்கும் அப்படித்தான் இடம் கிடைத்தது. இந்த எம்.எல். படகுகள் பர்மாவின் அரக்கான் கரையில் வேலை செய்தன. பிச்சாவரம் போயிருக்கிறீர்களா? அந்த மாதிரி அலையாத்திக் காடு, நடுவே உப்பங்கழி ஓடைகள், ஆனால் மைல் கணக்கில். பெரிய கப்பல் நுழைய முடியாத அந்த ஓடைகளுக்குள் இவைதான் போகும், இரண்டு கரையிலும் ஜப்பான்காரன் ஒளிந்திருப்பான். 1945 ஜனவரி 3-ம் தேதி அக்யாபில் படை இறங்கியது. இப்போது அந்த ஊருக்கு சிட்வே என்று பெயர். ஜப்பான்காரர்கள் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார்கள். 12-ம் தேதி மைபோன், 21-ம் தேதி ராம்ரீ தீவு, மறுநாள் காங்காவ். அங்கே சண்டை கடுமை. இதையெல்லாம் கமாண்டர் காலின்ஸ் என்பவர் எழுதி 1964-ல் வெளிவந்த இந்தியக் கப்பல் படை சரித்திரத்தில் காணலாம்.

"1946 பம்பாய்ப் புரட்சியில உங்க தாத்தா இருந்தாரா?" என்று கேட்காத ஆளில்லை. மோசமான சாப்பாட்டை எதிர்த்து 'தல்வார்' நிலையத்தில் அது ஆரம்பித்தது பிப்ரவரி 18-ம் தேதி. தாத்தாவின் காகிதத்தில் ஜனவரி மாதமே விடுவித்ததாக இருக்கிறது.

ஒரு மத்தியானம் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். கை நின்றுவிட்டது.

"பத்தாயிரம் லிட்டரா?"

"ஆமாம்மா."

"அப்ப அவருக்கு வயசென்ன?"

"இருபத்திரண்டு."

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அடிச்சது அடிச்சதுதான்" என்றாள். கீரையை எடுத்துக்கொண்டு எழுந்தவள், "அந்தப் படகுல சோறு எங்க ஆக்குவாக?" என்று கேட்டாள். உள்ளேயே சின்னச் சமையல் இடம் உண்டு என்றேன். "அய்யோ" என்றாள். பாட்டி இருந்து கேட்டிருக்க வேண்டும் என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

உங்கள் வீட்டிலும் இப்படிக் காகிதம் இருந்தால், முதலில் அதிலுள்ள சேவை எண்ணைத் தனியாகக் குறித்து வையுங்கள். பெயரை வைத்துத் தேடினால் தலை சுற்றும், இங்கிலீஷில் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பார்கள். பழைய ஜில்லாப் பெயரையும் பாருங்கள். அருப்புக்கோட்டை அப்போது ராம்நாடு ஜில்லா. லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பட்டியலை வீட்டிலிருந்தே செல்போனில் தேடலாம். இங்கே ஒரு அலுவலகத்துக்கு எழுதினேன். ஐந்து மாதம் கழித்து, நான் அனுப்பின காகிதத்தையே அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது!

விடவில்லை. எந்தத் தேதியில் அந்த நம்பர் படகு எந்த ஓடையில் நின்றது என்று கேட்டு மறுபடியும் எழுதியிருக்கிறோம். இந்தத் தடவை கடிதத்தை அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். தாத்தா பெயரில் நான் ஒரு எழுத்தை விட்டுவிடுவேனோ என்று மூன்று தடவை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் உறையை ஒட்டவிட்டாள்.