அகழியைத் தூர்த்த ஊர்



விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்ற கேள்வி வீடுதோறும் எழுகின்றது. வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் போய்வருவது நம் குடும்பங்களின் நல்ல வழக்கம். அத்துடன் இன்னொரு பயணத்தையும் இம்மாதம் பரிந்துரைக்க விரும்புகிறேன். இத்தாலி நாட்டின் லிகூரியாக் கடற்கரையில் மலைப்பாதைகள் வழியே நடந்து சென்று, மத்திய காலக் கோட்டைகளையும் மதில் சூழ்ந்த சிற்றூர்களையும் காண்பதற்கென்றே பல நாட்டு மக்கள் வருகின்றனர். நாம் அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. சமயபுரத்தில் தொடங்கி, ஸ்ரீரங்கம் வழியாகத் திருச்சிக் கோட்டைக்கு வந்து சேர ஒரு பகல் போதும். மூன்று இடங்களிலும் பிள்ளைகளிடம் சொல்வதற்கு மூன்று வரலாறுகள் உண்டு.

கர்நாடக நவாபின் பதவி யாருக்கு என்ற போட்டியில், 1751-ஆம் ஆண்டு முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் இருந்தார். அவருக்கு ஆங்கிலேயர் துணை. எதிராளியான சந்தா சாகிப்புக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. கோட்டையை முற்றுகையிட்ட பிரெஞ்சுப் படை, மறு ஆண்டில் பின்வாங்கி ஸ்ரீரங்கம் தீவுக்குள் சென்றது. புதுச்சேரியிலிருந்து அதற்கு உதவி வரும் சாலையை அடைப்பதற்காக, இராபர்ட் கிளைவ் 1752 ஏப்ரலில் கொள்ளிடத்தைக் கடந்து சமயபுரத்தில் பாளையம் இறங்கினார். இன்று பக்தர் கூட்டம் நிறைந்திருக்கும் அவ்வூரின் கோயில்கள் அன்று படைவீரர் தங்கும் அரண்களாயின.

ஒருநாள் நள்ளிரவில் பிரெஞ்சுப் படைப்பிரிவொன்று அங்கே வந்தது. காவலன் தடுத்தான். வந்தவர்களுள் ஆங்கிலேயப் படையிலிருந்து ஓடிப்போனவர்களும் இருந்தனர். அவர்களுள் ஒருவன் ஆங்கிலத்திலேயே விடை சொன்னான். தாங்கள் உதவிக்கு அனுப்பப்பட்டவர்கள் என்றான். பழகிய மொழியைக் கேட்ட காவலன் வழிவிட்டான். பகைவர் பாளையத்தின் நடுவரைக்கும் வந்துவிட்டனர். பின்னர் நடந்த சண்டையில் கிளைவ் மயிரிழையில் உயிர் தப்பினார். மதில் எவ்வளவு உறுதியாயிருந்தாலும் வாயிலில் நிற்பவன் விழிப்பாயிராவிட்டால் பயனில்லை. வீட்டுக்குள் வரும் தீமையும் பெரும்பாலும் நமக்குப் பழகிய குரலில் பேசிக்கொண்டுதான் வருகின்றது. குடியும் கடனும் புறங்கூறலும் முதலில் நண்பரைப்போல வந்து நின்றவையே.

அங்கிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வாருங்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஏழு மதில்கள் ஒன்றையொன்று சூழ நிற்கும் ஊர் அது. வெளிச்சுற்றுகளில் இன்றும் வீடுகளும் கடைவீதிகளும் இருக்கின்றன. ஐரோப்பாவின் மதில் சூழ்ந்த சிற்றூர்களைப் படத்தில் பார்த்து வியக்கும் பிள்ளைகள், மதிலுக்குள் மக்கள் வாழும் ஊரை இங்கே நேரில் காணலாம். பிற சமயத்தவரின் திருத்தலத்துக்குச் செல்கிறோம் என்ற மரியாதையுடன் செல்ல வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இந்த ஏழு மதில்களை நம்பித்தான் பிரெஞ்சுத் தளபதி லாவும் சந்தா சாகிப்பும் உள்ளே புகுந்தனர். இருபுறமும் ஆறு, சுற்றிலும் கல்மதில். இதைவிடப் பாதுகாப்பு வேறு எங்கே? ஆனால் ஆற்றின் இரு கரைகளையும் எதிரிகள் பிடித்துக்கொண்டதும் உணவு வரும் வழி அடைபட்டது. காத்த மதிலே சிறையாயிற்று. 1752 ஜூன் மாதத்தில் லா தம் படையுடன் சரணடைந்தார். சந்தா சாகிப், உயிருக்கு ஆபத்து வராது என்ற வாக்குறுதியை நம்பித் தஞ்சைத் தளபதியிடம் தம்மை ஒப்படைத்தார். அவ்வாக்குக் காக்கப்படவில்லை, அவர் தலை வெட்டப்பட்டது.

மாலையில் திருச்சிக்கு வாருங்கள். மலைக்கோட்டையின் உச்சியிலிருந்து பார்த்தால் பழைய நகரம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். அம்மலையைச் சுற்றி ஒரு காலத்தில் இரட்டை மதில் இருந்தது. வெளிமதில் ஏறத்தாழ 18 அடி உயரம்; உள்மதில் 30 அடி. வெளியே ஆழமான அகழி.

மதிலால் பயனே இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. 1753 நவம்பர் இறுதியில் பிரெஞ்சு வீரர்கள் இருட்டில் ஏணி வைத்து வெளிமதிலில் ஏறி, அங்கிருந்த பீரங்கிமேடையைப் பிடித்துவிட்டனர். சத்தமின்றி முன்னேற வேண்டியவர்கள், வெற்றிக் களிப்பில் அங்கிருந்த பீரங்கிகளை நகரின்பால் திருப்பிச் சுட்டனர். உறங்கியவர்கள் விழித்துக்கொண்டனர். உள்மதிலைத் தாண்ட முடியாமல், இறங்கவும் வழியின்றி நின்றவர்கள் விடிந்ததும் சரணடைந்தனர். ஆபத்துக் காலத்தில் அம்மதில் உள்ளிருந்தோரைக் காத்தது உண்மை.

ஆனால் இன்று அந்த மதிலைத் தேடினால் மெயின்கார்டு கேட்டும் சிற்சில எச்சங்களுமே கிடைக்கும். போர்க்காலம் முடிந்தபின், 19-ஆம் நூற்றாண்டில் மதில்களை இடித்தார்கள், அகழியைத் தூர்த்தார்கள். தூர்த்த இடத்தில் போட்ட சாலைகளே மேலப்புலிவார்டு ரோடும் கீழப்புலிவார்டு ரோடும். பகைவனைத் தடுத்த பள்ளத்தின்மேல் இன்று பள்ளிப் பிள்ளைகளும் காய்கறி வண்டிகளும் செல்கின்றன. மெயின்கார்டு கேட்டுக்கு அருகிலேயே நம் லூர்து அன்னை ஆலயம் கோபுரம் உயர்த்தி நிற்கின்றது. பயம் நீங்கியதும் மதிலை நீக்கியதால்தான் ஊர் வளர்ந்தது.

நாம் அவ்வாறு செய்திருக்கிறோமா? இதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்து வந்தேன்.

நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் என்ற பழைமையான கத்தோலிக்க ஊர் இருக்கின்றது. அந்நாளில் அது திருச்சி மறைமாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அங்கே 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆலயத்தில் பீடம் ஒன்று. மக்கள் நிற்கும் கூடங்களோ இரண்டு. ஒரு சாதியார் ஒருபுறம், மற்றவர்கள் மறுபுறம், நடுவே சுவர். ஒரே அப்பத்தை உண்ண வந்தவர்கள் ஒருவர் முகத்தை மற்றவர் பாராமல் செபித்தார்கள். 1910-ஆம் ஆண்டு கௌசானல் அடிகளார் அச்சுவரை இடிக்கச் செய்தார். சுவர் வேண்டும் என்றவர்கள் வழக்குத் தொடுத்தனர். அது சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. அங்கும் அவர்கள் வாதம் எடுபடவில்லை. கல்லறைத் தோட்டங்களிலும் சாதியின் பெயரால் சுவர் எழுந்த துயரத்தைத் தமிழகத் திருச்சபை அறியும்.

எருசலேம் தேவாலயத்திலும் ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. புறவினத்தார் அதைத் தாண்டினால் மரணம் என்று கல்லில் பொறித்து வைத்திருந்தார்கள். அக்கல்வெட்டுகளுள் ஒன்று 1871-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டது. புனித சின்னப்பர் எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை இன்றிரவு குடும்பச் செபத்தில் வாசியுங்கள். பிரித்து நின்ற சுவரைத் தகர்த்தவர் யார், அதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்பது விளங்கும். அவர் தகர்த்ததை நாம் மறுபடியும் கட்டலாமா?

பாகப்பிரிவினையில் எழுந்த மனத்தாங்கலால் பல ஆண்டுகளாக முகம் பாராத அண்ணன் தம்பியர் நம் பங்குகளில் உண்டு. பூசையில் ஒருவர் ஆண்கள் பக்கத்தின் முன்வரிசையில். மற்றவர் தூணுக்குப் பின்னால். வேறு சாதியில் மணம் முடித்தாள் என்பதற்காக, பெற்ற மகள் பேரக்குழந்தையுடன் வந்தும் திறவாத கதவுகளும் உண்டு. சண்டைக்கான காரணம் பாதி மறந்துபோயிருக்கும். அகழி மட்டும் ஆழம் குறையாமல் இருக்கும். அந்த மதில் தங்களைக் காக்கின்றது என்று உள்ளே இருப்பவர்கள் எண்ணுகிறார்கள். ஸ்ரீரங்கத்துக்குள் இருந்த தளபதியும் அவ்வாறே எண்ணினார்.

அகழியை ஒரே நாளில் தூர்க்க முடியாது. கூடைகூடையாகத்தான் மண்ணைக் கொட்ட வேண்டும். நோயுற்றிருக்கும் பெரியப்பாவைப் போய்ப் பார்ப்பது ஒரு கூடை. பேரனின் புதுநன்மைக்கு அழைப்பு அனுப்புவது ஒரு கூடை. பகையாயிருக்கும் வீட்டில் துக்கம் நேர்ந்தால் அழைப்புக்குக் காத்திராமல் முதல் ஆளாய்ப் போய் நிற்பது பத்துக் கூடைக்குச் சமம்.

விடுமுறையில் அவசியம் இம்மூன்று இடங்களுக்கும் போய்வாருங்கள். திரும்பும்போது மேலப்புலிவார்டு ரோட்டில் சிறிது தூரம் நடந்து, இங்கே ஒரு காலத்தில் அகழி இருந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். முடிந்தால் அன்று வெகுநாளாய்ப் போகாத உறவினர் வீட்டுப் படியேறிவிட்டு ஊர் திரும்புங்கள்.

ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.