மெகாபிக்சலை விடுங்க, வெளிச்சத்தைப் பாருங்க

பிளேஸ்மென்ட் கிடைச்சாச்சு, முதல் சம்பளத்துல கேமராதான்னு இருக்கீங்களா? ஒரு நிமிஷம்.

2023 டிசம்பர்ல, மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்துல படர்ந்தது. படகும் வலையும் கருப்பாகிக் கிடந்த படங்கள் நம்ம போனுக்கு வந்தப்போ, இது எத்தனை மெகாபிக்சல்னு யாராவது கேட்டோமா? பகல் வெளிச்சத்துக்குப் போனே போதும். போனால் முடியாததுக்குத்தான் கேமராவுக்குக் காசு கொடுக்கணும்.

அது என்னன்னு தெரியணும்னா, விடியறதுக்கு முன்னாடி காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போங்க. அரை இருட்டு. கூடை தூக்குறவங்க, ஏலம் விடுறவங்க யாரும் நமக்காக நிற்க மாட்டாங்க. அங்கே கைகொடுப்பது இரண்டே விஷயம்.

ஒன்று, லென்ஸின் அப்பர்ச்சர். கேமராவோடு வரும் கிட் லென்ஸை முழுசா ஜூம் செய்தால் பெரும்பாலும் எஃப்/5.6 தான். எஃப்/1.8 அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 1/30 நொடியில் கலங்கிய முகம் 1/250 நொடியில் தெளிவாக விழும்.

இரண்டு, சென்சாரின் அளவு. ஃபுல் ஃபிரேம் சென்சார் 36x24 மி.மீ. சின்ன பாக்கெட் கேமராவில் பெரும்பாலும் 6.2x4.6 மி.மீ.தான். பரப்பில் 30 மடங்கு வித்தியாசம்; ஆனா ரெண்டு பெட்டியிலும் ஒரே மெகாபிக்சல் எண் இருக்கலாம்!

12x8 அங்குலத்தில் நல்ல பிரிண்ட் போட 9 மெகாபிக்சல் போதும். அதனால என் கருத்து: செகண்ட் ஹேண்ட் பாடி வாங்குங்க, மிச்சக் காசுல 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் வாங்குங்க.

கடைக்காரர் "எத்தனை மெகாபிக்சல் வேணும்?"னு கேட்டா, "இருட்டுல எப்படி எடுக்கும்?"னு திருப்பிக் கேளுங்க.