‘செட்டில்டு’ என்ற ஒரு சொல்



ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறேன். பாகலூர் சாலைப் பக்கம் ஒரு வீடு அமைந்தது. என் சம்பளம் மட்டும் போதாதென்று, ஆயத்த ஆடை ஆலைக்குப் போகும் மனைவியையும் வீட்டுக்கடனில் சேர்த்தேன். சிக்கல் அங்கேதான். கல்யாணத்துக்கு முன் தவணையில் வாங்கிய செல்போனுக்கு, வசூலுக்கு வந்தவர் பேச்சைக் கேட்டுப் பாதித் தொகை கட்டி மனைவி கணக்கை முடித்திருந்தார். கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது ‘செட்டில்டு’ (குறைத்துக் கட்டி முடித்தது), ‘குளோஸ்டு’ (முழுதும் கட்டி முடித்தது) இல்லை. வங்கி கையை விரித்தது. மனைவிமேல் கோபப்பட்டேன், அது என் தப்பு.

மீதியைக் கட்டி, நிலுவையில்லாச் சான்று வாங்கி மூன்று மாதமாகியும் பதிவு மாறவில்லை. இப்படிப் பதிவைத் திருத்தாததற்குப் புகார் கொடுத்து 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கி விதி, 2024 ஏப்ரல் 26 முதல் நடப்பில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை முழு சிபில் அறிக்கை இலவசம். எங்கள் ஷிப்டில் ஒருவருக்கும் இவை தெரியாது. ‘சிபில் ஸ்கோர் ஏத்தித் தர்றேன்’ என்பவர்களிடம் பணத்தைக் கொடுக்கிறார்கள்.

இந்த விதிகளை வங்கிக் கிளைகளில் தமிழிலும், நம் எல்லை ஊர்களில் கன்னடம், தெலுங்கிலும் ஒட்டிவைக்கக் கூடாதா?

— ஒரு சிப்காட் தொழிலாளி, ஓசூர்