கப்பலை நிறுத்துபவருக்கும் பொறுப்பு உண்டு

2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியது. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்க, அதே குழுமத்தின் அகிடெட்டா 2 கப்பலைத் தடுத்து வைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பின்னர் பிணைத்தொகை சுமார் 1,227 கோடியாகக் குறைந்தது.

மீனவர்களுக்கு நிவாரணம் கிடைக்க இத்தகைய தடை அவசியமே. ஆனால் தடை தவறென்று தெரியவந்தால்? வழக்குத் தொடுப்பவரிடம் நட்டஈட்டு உறுதிமொழியை நீதிமன்றம் வாங்கலாம் என்கிறது 2017ஆம் ஆண்டுக் கடல்சார் சட்டத்தின் 11ஆம் பிரிவு. அளவுக்கு மீறிப் பிணை கேட்டாலும் இது பொருந்தும். 'வாங்கலாம்' என்பதால் இது கட்டாயமல்ல. பேசப்படுவதும் பிரதிவாதியின் நட்டம் மட்டுமே.

நாமக்கல் முட்டையும் கப்பலில்தான் வளைகுடா போகிறது. வழக்கில் சம்பந்தமில்லாத சரக்குக்காரரின் நட்டம் யார் கணக்கில்? ஃபேர்லேண்ட்ஸில் கடல் இல்லைதான். இந்தக் கேள்வி நமக்கும் உண்டு.