கோலமும் சமன்பாடும்

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், காக்ஸ் டவுனை அடுத்துள்ள ஜீவனஹள்ளியில், தமிழும் கன்னடமும் அடுத்தடுத்த வீடுகளில் பேசப்படுகின்றன. வாசலில் இடப்படுவதை ஒரு வீட்டார் கோலம் என்பர். மற்றொரு வீட்டார் ரங்கோலி என்பர். பெயர் வேறாயினும், புள்ளிகளை வரிசையாக இட்டுக் கோடுகளால் இணைக்கும் முறை ஒன்றே. இத்தகைய வீடுகளிலிருந்து பள்ளிக்குச் செல்லும் மாணவர் பலருக்குத் தாய்மொழி ஒன்று, தெருவின் மொழி மற்றொன்று, பாடநூலின் மொழி வேறொன்று. இரு மாறிகளைக் கொண்ட ஒருபடிச் சமன்பாடுகளை அவர்கள் கற்கத் தொடங்கும்போது உண்டாகும் இடர்ப்பாட்டில் ஒரு பங்கு சொற்களால் விளைவதேயாகும். கட்டமிட்ட தாளில் வரையப்பட்ட இரண்டு கோடுகளுக்கோ மொழிபெயர்ப்புத் தேவையில்லை. ஆகவே, இப்பாடத்தை வரைபடத்திலிருந்தும் சித்திரத்திலிருந்தும் தொடங்குவது இத்தகைய வகுப்புகளுக்குப் பெரிதும் பொருந்தும்.

தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவின் 10ஆம் வகுப்பு நூல் வரைபட முறையையே முதலில் கூறுகிறது. ஆயினும் வகுப்பறையில் அது விரைவிற் கடக்கப்பட்டு, நீக்கல் முறைக்கே நேரம் முழுவதும் செலவாவது வழக்கம். தேர்வில் விடை பிழையின்றி வருவது அம்முறையால்தான் என்பது காரணம். இதன் விளைவு நோக்கத்தக்கது. முதல் தொகையை அ என்றும் இரண்டாவதை இ என்றும் கொண்டு, 2அ + 3இ = 6, 2அ + 3இ = 11 என்னும் இரு சமன்பாடுகளை மாணவரிடம் தந்தால், கழித்தலின் முடிவில் 0 = 5 என்று வரும். தாம் எங்கோ தவறிவிட்டதாக எண்ணி அவர் மீண்டும் தொடக்கத்திலிருந்து கணக்கிடுவார். இவ்விரண்டையும் ஒருமுறை வரைந்து பார்த்தவரோ, இணைகோடுகள் சந்திப்பதில்லை என்பதையும், 0 = 5 என்பது பிழையன்று, அச்செய்தியே என்பதையும் அறிவார்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, கலையைப் பிற பாடங்களோடு இணைத்துக் கற்பிக்குமாறு பரிந்துரைக்கிறது. பரிந்துரை நன்று; நடைமுறையில் அது அடையக்கூடிய வடிவமே கவலைக்குரியது. கணக்கை முன்னரே தீர்த்து முடித்து, பிறகு அட்டையில் கோடுகளை இழுத்து, இடைவெளிகளுக்கு வண்ணந் தீட்டினால், அச்சித்திரம் சுவருக்கு அழகு தருமேயன்றிக் கணிதத்துக்கு உதவாது. வண்ணந் தீட்டியவர் பெற்றோராகவும் இருக்கலாம்! கண்ணால் மட்டும் தீர்க்க இயலாத ஒரு வினாவைச் சித்திரம் எழுப்பவேண்டும். அவ்வினாவைத் தீர்க்கச் சமன்பாடு தேவைப்படவேண்டும்.

இதற்கு எளிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. கிடையச்சிலும் நிலையச்சிலும் 1 முதல் 10 வரை குறித்துக்கொண்டு, கிடையச்சின் 1ஐ நிலையச்சின் 10உடனும், 2ஐ 9உடனும், இவ்வாறே 10ஐ 1உடனும் இணைக்கவேண்டும். வரைந்தவை அனைத்தும் நேர்கோடுகள். ஆயினும் அவற்றின் விளிம்பில் பரவளைவின் ஒரு பகுதி தோன்றும். இவ்வகைச் சித்திரத்தை நூலாலும் தைக்கலாம். குழந்தைகளுக்கு அட்டையில் நூல் தைத்து வடிவியலைப் பயிற்றும் முறையை வகுத்தவர் மேரி எவரெஸ்ட் பூல் (1832–1916). 1830 முதல் 1843 வரை இந்தியாவின் தலைமை நில அளவையாளராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்டின் உடன்பிறந்தார் மகள் அவர்.

இச்சித்திரத்தின் நடுவிலுள்ள இரண்டு கோடுகள் எங்குச் சந்திக்கின்றன என்று வினவவேண்டும். அவற்றின் சமன்பாடுகள் 6அ + 5இ = 30, 5அ + 6இ = 30. இரு தொலைவுகளும் 2க்கும் 3க்கும் இடையில், 3ஐ நெருங்கியுள்ளன என்பது வரை கண் கூறும். அதற்குமேல் கூரிய பென்சிலும் உதவாது. கூட்டினால் 11அ + 11இ = 60; கழித்தால் அ − இ = 0. எனவே ஒவ்வொன்றும் 30/11. தாளை மூலைவிட்டத்தின் வழியே மடித்தால் ஒரு கோடு மற்றதன்மேல் படிவதையும், அதனாலேயே சந்திக்கும் புள்ளி மூலைவிட்டத்தில் அமைந்ததையும் மாணவர் தாமே கண்டுகொள்வர்.

குணகங்கள் இடம் மாறி நிற்கும் இத்தகைய கணக்கு கன்னட நாட்டுக்குப் புதியதன்று. கி.பி. 850ஆம் ஆண்டளவில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் மகாவீரர் இயற்றிய 'கணித சார சங்கிரகம்' என்னும் நூலில், நாரத்தை இனக் கனி 9, விளாம்பழம் 7 ஆகியவற்றின் விலை 107. முன்னது 7, பின்னது 9 எனில் விலை 101 என்றொரு கணக்கு உள்ளது. 107ஐ 9ஆலும் 101ஐ 7ஆலும் பெருக்கி, வேற்றுமையாகிய 256ஐ, 81க்கும் 49க்கும் உள்ள வேற்றுமையாகிய 32ஆல் வகுத்தால் முதற் கனியின் விலை 8 என்று கிடைக்கும், விளாம்பழம் 5. இந்நூலை ம. ரங்காசாரியார் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1912இல் சென்னை அரசாங்க அச்சகம் வெளியிட்டது. மகாவீரர் படம் வரையவில்லை. ஆயினும் அக்கணக்கை இன்று கட்டத்தாளில் வரைந்தால், கோடுகள் (8, 5) என்னும் புள்ளியில் வெட்டிக்கொள்வதைக் காணலாம்.

வாசற்கோலம் அனைத்தையும் இப்பாடத்துக்கு இழுத்துவருவது பொருந்தாது. புள்ளிகளை நேர்கோடுகளால் சேர்க்கும் கோலமே இங்குப் பயன்படும். புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் சிக்குக்கோலத்தின் கணிதம் வேறு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு ஆய்ந்தவர்களும் 1970களில் அதனை இலக்கண விதிகளால் விளக்க முற்பட்டனர்.

நேரமில்லை என்னும் தடையை ஆசிரியர் கூறுவது இயல்பு. மேற்கூறிய பயிற்சிக்கு ஒரு பாடவேளையும், கட்டத்தாளும், அளவுகோலுமே வேண்டும். உண்மையான தடை வினாத்தாளில் உள்ளது. இரண்டு சமன்பாடுகளைத் தந்து, அவற்றைத் தீர்க்காமலே, கோடுகள் சந்திக்குமா, எந்தப் பக்கத்தில் சந்திக்கும், ஏன் என்று எழுதச் சொல்லும் வினாவுக்கு மதிப்பெண் ஒதுக்கப்படுமாயின், வரைபடத்தாள் பையிலிருந்து தானே வெளிவரும்.