நாளுக்கு ஒரு வசனம்

ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் ஹெர்ன்ஹூட் என்றொரு சிற்றூர். மொராவியாவில் மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்தவர்கள், 1722இல் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் மரம் வெட்டி வீடு கட்டிக் குடியேறிய இடம். ஐந்தே ஆண்டில் ஊரில் ஏறக்குறைய முந்நூறு பேர் ஆனார்கள், சண்டையும் பெருகியது. விசுவாசத்துக்காக வீடு வாசலை விட்டு வந்தவர்கள், யார் உபதேசம் சரி என்று தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள். பிரபு ஒவ்வொருவரிடமும் பேசிப் பார்த்து, 1727 மே மாதம் ஊருக்கென்று ஒரு உடன்படிக்கை எழுதினார். ஆகஸ்ட் 13 அன்று பக்கத்து ஊரான பெர்தெல்ஸ்டார்ஃபின் ஆலயத்தில் திருவிருந்து எடுத்தபோது மனக்கசப்பு கரைந்தது. பலர் கண்ணீர் விட்டார்கள்.

எழுப்புதல் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண்ணீர் புதிதல்ல. அடுத்த மாதமே அது காய்ந்துவிடுவதும் புதிதல்ல. ஹெர்ன்ஹூட்டார் அதற்கு இடம் கொடுக்கவில்லை. இரண்டே வாரத்தில், ஆகஸ்ட் 27 அன்று, 24 ஆண்களும் 24 பெண்களும் முறை வைத்துக்கொண்டார்கள். நாளின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு ஆண், ஒரு பெண், அவரவர் இடத்தில் ஜெபம். விடியற்காலை மூன்று மணி யார் பங்குக்கு விழுந்ததோ, அவர் எழுந்தே ஆகவேண்டும். மனம் உருகுகிறதா என்ற கேள்விக்கே இடமில்லை. அந்த முறை நூறு ஆண்டுக்கு மேல் நடந்தது.

1728 மே 3ஆம் தேதி மாலை ஆராதனையில், அடுத்த நாளுக்கென்று ஒரு சிறு வாக்கைப் பிரபு கொடுத்தார். காலையில் அது வீடு வீடாகப் போனது. எடுத்துச் சென்றவர் வாசலில் அதைச் சொல்லிவிட்டு, வீட்டாரின் நலமும் விசாரித்து வருவார். இப்படி வாய்மொழியாகப் போன வசனம் 1731இல் ஆண்டு முழுமைக்குமான புத்தகமாக அச்சானது. ‘லோசுங்கன்’ என்ற அந்தப் புத்தகம் அன்று முதல் ஆண்டுதோறும் வருகிறது. இன்று 50க்கும் மேற்பட்ட மொழிகளில். 1733இல் கிரீன்லாந்துக்கும் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் போன மொராவிய ஊழியர்கள் வளர்ந்த பழக்கம் இதுதான்.

வசனத்தைத் தேர்ந்தெடுக்கும் விதம் வேடிக்கையானது. பழைய ஏற்பாட்டிலிருந்து 1,824 வசனங்களுக்கு எண் கொடுத்து, சீட்டுகளைக் கிண்ணத்தில் போட்டு, நாளுக்கு ஒன்றாக எடுக்கிறார்கள், அதுவும் மூன்று ஆண்டுக்கு முன்பே. பிறகு அதற்கு இசைந்த புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றையும் பாடல் வரி அல்லது ஜெபம் ஒன்றையும் தேர்ந்தெடுத்துச் சேர்க்கிறார்கள். இதில் நுட்பம் இருக்கிறது. தானே தேடிப் படிப்பவன் தனக்குப் பிடித்த நாலு சங்கீதத்தையே சுற்றிச் சுற்றி வருவான். சீட்டுக்கு யார் முகமும் தெரியாது.

ஆனால் சீட்டு என்றதும் குறி கேட்கும் புத்தி கூடவே வந்துவிடுகிறது. மொராவியர் ஒரு காலத்தில் கல்யாணத்தைக்கூடச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அதைக் கைவிட்டது நல்லதாயிற்று. புத்தாண்டு ஆராதனையில் நம் சபைகளில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையிலும் இந்த ஆபத்து உண்டு. அந்த அட்டை ஆளுக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று. கண்டிப்பான வசனம் அதில் அகப்படுவது அபூர்வம். லோசுங்கனோ அன்றன்றைக்கு, எல்லோருக்கும் ஒன்றே.

இந்தப் பொதுத்தன்மைதான் அதன் பலம். நாஜி எதிர்ப்பாளரான டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற போதகர், பெர்லினின் டேகல் சிறையில் அடைபட்டிருந்தபோதும் இந்த வசனங்களை வாசித்தார். 1944 பெந்தெகொஸ்தே நாட்களுக்குரிய வசனங்களுக்கு விளக்கம் எழுதி, நண்பர் எபர்ஹார்ட் பெத்கேவுக்கு அனுப்பினார். பெத்கே அப்போது ராணுவத்தில் இருந்தார். சேர்ந்து உட்கார்ந்து ஜெபிக்க வழியில்லை. அன்றைய வசனம் மட்டும் இருவருக்கும் பொது.

நாளுக்கு ஒன்றிரண்டு வசனம் போதுமா என்ற கேள்வி நியாயமானது. போதாது என்று புத்தகமே ஒப்புக்கொள்கிறது. அதனால்தான் ஜெர்மன் பதிப்பில் ஒவ்வொரு தேதிக்கும் கீழே வேத வாசிப்புப் பகுதியும் குறித்திருக்கும். அந்தக் கணக்கில் புதிய ஏற்பாட்டை முடிக்க நான்கு ஆண்டு ஆகும். பழைய ஏற்பாட்டின் முக்கியப் பகுதிகளை முடிக்க எட்டு ஆண்டு.